குளிர் அறையில் நரித்தலை

இடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகி வைத்ததுபோல் இருந்தது கிரேனுக்கு. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் திரும்பக் குனியத் தைரியம் வரவில்லை. அந்த இடுப்பைச் சுமந்துகொண்டுதான் அருங்காட்சியகத்தின் பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். முந்தாநாள் கல் சவப்பெட்டியின் மூடியை நாலு பேர் சேர்ந்து நகர்த்தியபோது பிடித்த பிடி. நேற்று முழுக்க வீட்டுத் தரையில் குப்புறக் கிடந்தான். மனைவி முதுகில் ஏறி நின்று மிதித்தும் விடவில்லை.

அருங்காட்சியகத்தில் அவனுக்குப் பொருள் தூக்கும் வேலை. கனமானது, உடையக்கூடியது, போனால் திரும்பி வராதது எதுவானாலும் முதலில் அவன் கைதான் படும். அவன் இல்லாமல் மற்றவர்கள் தொடக்கூடாது என்பது விதி. அதனால் வந்த பெயர்தான் கிரேன். மனைவியே சில சமயம் மறந்துபோய் அப்படிக் கூப்பிட்டுவிடுவாள்.

குளிர் அறைக் கதவைத் திறந்ததும் இடுப்பு மறந்துபோயிற்று. கீழ்த்தட்டில், பாலிதீன் உறைக்குள், பஞ்சுத் தலையணைமேல் காதை விறைப்பாக நிமிர்த்திக்கொண்டு நரித்தலை அப்படியே உட்கார்ந்திருந்தது.

"அட, நாசமாப் போச்சு!" என்றான் வாய்விட்டு.

அதை நேற்றே எடுத்து வெளியே வைத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து எந்தப் பழைய பொருள் வந்தாலும் முதலில் குளிர் அறைக்குத்தான் போகும். மரமோ துணியோ தோலோ, உள்ளே பூச்சி முட்டை இருக்கலாம். ஒரே ஒரு பூச்சி தப்பி உள்ளே போனால் மூவாயிரம் வருஷத்துத் துணியை மென்று துப்பிவிடும். அதனால் எல்லாவற்றையும் கல்லாக உறைய வைத்துப் பூச்சியைக் கொல்வார்கள். பிறகு உறையைப் பிரிக்காமல் வெளியே எடுத்து, ஒரு முழு நாள் அதன்போக்கில் விடவேண்டும். அந்த முழு நாளைத்தான் கிரேன் தரையில் படுத்துக் கழித்துவிட்டான்.

நரித்தலை அருங்காட்சியகத்துப் பொருள் இல்லை. அவன் மாமனாருடையது. இன்று மதியம் அது மேடைக்கு வரவேண்டும்.

வாசலில் பெரிதாகத் தட்டி வைத்திருந்தார்கள்: பழைய எகிப்தும் தொலைக்காட்சி விண்வெளிக் கதைகளும். பேசப்போகிறவர் ஒரு பேராசிரியை. அந்தக் காலத்தில் வாராவாரம் வந்த ஒரு விண்வெளித் தொடரை மையமாக வைத்துப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டதும், கிரேன்தான் வலியப் போய் அவரிடம் வாயைக் கொடுத்தான். "மேடம், அதுல நரித்தலைய மாட்டிக்கிட்டு ராஜாவுக்குக் காவல் நிப்பாங்களே, அவங்கள்ல ஒருத்தர் என் மாமனார். தலை இன்னும் வீட்லதான் இருக்கு."

பேராசிரியை நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

அவர் எழுந்தது நியாயம்தான், மாமனார்தான் மசியவில்லை. அவர் நடிகர் இல்லை, மூட்டை தூக்கியவர். படப்பிடிப்புத் தளத்துக்குப் பக்கத்துக் கிடங்கில் வேலை. அந்த ரப்பர் தலையின் கனத்தை நடிகர்களின் கழுத்து தாங்கவில்லை. கால்மணி நேரத்தில் தள்ளாடினார்கள். கடைசியில் யாரோ கிடங்குப் பக்கம் வந்து, உயரமும் கழுத்தும் பார்த்து ஆறு பேரைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். மூன்று வருஷம். ஒரு வசனம் கிடையாது, முகம் கிடையாது, கடைசியில் ஓடும் எழுத்தில் பெயர் கிடையாது. நரியின் மூக்குத் துளை வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். வியர்வை வாய்க்குள் ஓடும்.

"இடது பக்கத்துலேர்ந்து ரெண்டாவது நான்தான்," என்று வீட்டில் சொல்வாராம். எல்லாருக்கும் ஒரே தலை என்பதால் யாரும் நம்பியதில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லப்போய்ப் புளுகுமூட்டை என்று பட்டம் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் புளுகுமூட்டைதான் இப்போது கிரேனின் மனைவி.

தொடர் முடிந்த அன்று எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினார்கள். மாமனார் ஒரு தலையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து அலமாரிக்கு மேல் வைத்தார். அது அங்கேயே கிழடாயிற்று. அவரும் கீழே கிழடானார்.

கிரேன் விடாமல் நச்சரித்தான். ஒருநாள் அவரே துணிப்பையில் போட்டு எடுத்துவந்து அவன் மடியில் வைத்தார்.

"மியூசியத்தை எனக்குத் தெரியாது மாப்ள. உங்களை நம்பித்தான் தர்றேன். ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க மாமா."

"அன்னிக்கு நான் இதப் போட்டுக்கிட்டு மேடையில நிப்பேன். அப்புறம் நாலு பேர் பாக்க நானே கழட்டுவேன். மூணு வருஷத்துல ஒரு தடவகூடக் கேமரா முன்னால கழட்டவே விடல. முகத்தக் காட்டிட்டு வந்துடுறேன், போதும்."

பேராசிரியை உடனே ஒப்புக்கொண்டார். நிகழ்ச்சியின் முத்தாய்ப்பே அதுதான் என்றார். கிரேன் குளிர் அறையில் தலையை வைத்த அன்று வீட்டுக்குப் போய் மார்தட்டிக்கொண்டான். "மம்மி இருக்கற அதே ரூம்ல, அதே தட்டுல வெச்சிருக்கோம் மாமா. ராஜ மரியாதை." கிழவருக்கு வாயெல்லாம் பல்.

இப்போது உறையோடு தலையைத் தூக்கி மேசைமேல் வைத்தான். கட்டைமேல் கட்டை வைத்ததுபோல் டொக் என்றது. உடனே மருந்தக்காவுக்குப் போன் போட்டான். பழைய பொருட்களுக்கு மருந்து பூசி, ஒட்டி, காப்பாற்றுகிற அதிகாரி. எல்லாருக்கும் அவள் மருந்தக்காதான். விடுமுறையில் வெளியூரில் இருந்தாள்.

"என்ன பொருள்?" என்றாள்.

"ரப்பர் தலைக்கா. டிவில வந்தது."

மறுமுனையில் குரல் எகிறியது.

"ரப்பரா? பழைய ரப்பரை எவன் குளிருக்குள்ள வெக்கச் சொன்னான்?"

"வெளியேர்ந்து எது வந்தாலும் குளிருன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க."

"துணி வரும், மரம் வரும்னு சொன்னேன். நரி வரும்னு கண்டேனா? இந்த மியூசியத்துக்கு ரப்பர் எங்கய்யா வந்திருக்கு? ஐயோ, கேளு. வளைக்காத. அழுத்தாத. ஹீட்டர் கிட்ட கொண்டு போகாத. அது தானா பழைய நிலைக்கு வரணும். நாளைக்குக் காலைல தொடு."

"நிகழ்ச்சி இன்னிக்கு மத்தியானம்க்கா."

"அப்ப கண்ணாடிக்குள்ள வெச்சுக் காட்டு. தலையில மாட்டாத. சொல்லிட்டேன்."

சொல்வது சுலபம். கண்ணாடிக்குள் தலை, முன்வரிசையில் மாமனார், நடுவில் தான் கொடுத்த வாக்கு. கிரேனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேராசிரியை வந்ததும் ஓடிப்போய் விஷயத்தைக் கொட்டினான். அவர் நல்ல மனுஷி. திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"எவ்வளவு நேரம் இருந்தா இளகும்?"

"எவ்வளவு இருக்கோ அவ்வளவும் வேணும் மேடம்."

"சரி. அவரைக் கடைசிக்குத் தள்ளிடறேன். நான் எவ்வளவு முடியுமோ இழுக்கறேன். நீங்க அதைக் கவனிங்க."

நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் தன் கழுத்தை அறுக்கப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

மேடைக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் போடும் சின்ன அறை ஒன்று. நடுவில் மரத்தடுப்புதான் சுவர், அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். கிரேன் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தலையை மடியில் வைத்துக்கொண்டான். ஹீட்டர் கூடாது என்றாள் மருந்தக்கா, உடம்புச் சூடு கூடாது என்று சொல்லவில்லையே. சட்டையைத் தூக்கி வயிற்றோடு அணைத்தான். ஐஸ் கட்டியைத் தின்றதுபோல் குடல்வரை ஏறியது குளிர்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான். அரங்கைப் பூட்டுவதும் பின்வாசல் காவலும் அவன் பொறுப்பு.

"என்ன கிரேன், பிரசவமா?"

"வாயக் கழுவு."

"பொறந்தா அப்பன் ஜாடைதான் வரும். காதப் பாரு."

"டேய், போயிடு. இருக்கற எரிச்சல்ல எதையாவது எடுத்து வீசிடுவேன்."

"இதத் தவிர எதை வேணா வீசு," என்று சொல்லிவிட்டு அவன் கதவைச் சாத்தினான்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கைதட்டல். அரங்கம் நிறைந்திருந்தது சத்தத்திலேயே தெரிந்தது. மனைவி போனில் ஒரு படம் அனுப்பினாள்: முன்வரிசை நடுவில் மாமனார், இஸ்திரி போட்ட சட்டை, மழமழவென்று சவரம் செய்த முகம். காட்டப்போகிற முகம் அல்லவா. தாடையில் ஒரு சின்ன வெட்டுக்காயம்கூடத் தெரிந்தது.

பேராசிரியை ஆரம்பித்தார். எழுதிவைத்துப் படிக்காமல் ஆளைப் பார்த்துப் பேசினார்.

"வேற கிரகத்து ராஜாங்கத்த யாரும் பாத்ததில்ல. ஆனா அத டிவில காட்டியாகணும். பெருசா இருக்கணும், புரியாம இருக்கணும், வயசு தெரியக் கூடாது. அப்படி ஒண்ணு எல்லார் மனசுலயும் ஏற்கெனவே இருந்துச்சு. பிரமிட். அதத் தூக்கி வானத்துல வெச்சாங்க, விண்கலம் ஆயிடுச்சு."

சிரிப்பு.

"செத்துப்போன ராஜாவப் பதப்படுத்திப் பெட்டியில படுக்க வெச்சாங்க எகிப்துக்காரங்க. டிவிக்காரங்க அதே பெட்டிக்குப் பச்ச லைட் போட்டு, நூறு வருஷம் தூங்கிட்டே பயணம் போற பெட்டின்னாங்க. ரெண்டும் ஒரே ஆசைதான். எழுந்திருப்போம்ங்கற ஆசை. இன்னொரு காரணமும் இருக்கு, அது இவ்வளவு உசத்தி இல்ல. சரித்திரப் படத்துக்குப் போட்ட தூணு சும்மா கிடக்கும். வெள்ளிப் பெயின்ட் அடிச்சா வேற கிரகம் ரெடி."

மறுபடி சிரிப்பு. கிரேன் தலையின் கன்னத்தை விரலால் தொட்டான். கல்.

வலிக்கு வைத்துக்கொள்ள வெந்நீர்ப் பை ஒன்று கொண்டுவந்திருந்தான். பிளாஸ்கில் வெந்நீரும் இருந்தது. இடுப்பு அதைக் கேட்டுக் கெஞ்சியது. மருந்தக்கா சொன்னது காதில் இருந்தது. கொஞ்ச நேரம் பையையும் தலையையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு பையை ஒரு துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி நரியின் பிடரிப் பக்கமாக வைத்தான். 'ஹீட்டர் இல்லையே, பைதானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பேராசிரியை வாக்குத் தவறவில்லை. இழுத்தார். விலங்குத் தலைத் தெய்வங்கள் எப்படி வேற்றுக்கிரக வீரர்களானார்கள் என்று சொன்னார். நரித்தலைக் காவலரின் படத்தைத் திரையில் போட்டு, "இவரைப் பத்திக் கடைசியில சொல்றேன், போயிடாதீங்க," என்றார். அப்புறம் கண் வடிவச் சின்னம். அப்புறம் தங்க முகமூடி. அப்புறம் பணிப்பெண்களின் கண் மை. சுவாரசியமாகத்தான் இருந்தது, ஆனால் சுவாரசியத்துக்கும் ஓர் அளவு உண்டே. நாற்காலிகள் கிறீச்சிட ஆரம்பித்தன. இருமல் வந்தது. வாசல் கதவு திறந்து மூடும் சத்தம் ஒருமுறை, இன்னொருமுறை, பிறகு ஓயாமல்.

மனைவி போன் செய்தாள். குரலைத் தாழ்த்திச் சீறினாள். "என்னங்க, பாதிப் பேரு எழுந்து போயிட்டாங்க. இந்தம்மா என்ன இப்படி வளவளங்கறாங்க?"

"எனக்காகத்தான் பேசறாங்க."

"உங்களுக்காகவா? உங்களுக்கு எதுக்கு எகிப்து?"

"தலை இன்னும் இளகல. சொன்னா உனக்குப் புரியாது."

"அப்பா அஞ்சு தடவ பாத்ரூம் போயிட்டு வந்துட்டாரு. கையெல்லாம் சில்லுனு இருக்கு."

"இங்க எனக்கும்தான்," என்று போனை வைத்தான்.

மடியில் நரி, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒவ்வொருவராக எழுந்துபோகும் கூட்டம். தலை இளகக் காத்திருந்தால் பார்க்க ஆள் இருக்காது. ஆள் இருக்கும்போது கொண்டுபோனால் தலை தாங்காது. இந்தச் சிக்கலைச் செய்து வைத்தவன் வேறு எவனாவது இருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். தன் சட்டைக்குள்ளோ நரிதான் இருந்தது.

யாரோ கேள்வி கேட்டார்கள். "மேடம், பிரமிட வேற்றுக்கிரகத்துக்காரங்கதானே கட்டினாங்க?"

முதல்முறையாகப் பேராசிரியையின் குரலில் கடுகடுப்பு வந்தது. "இல்லைங்க. மனுஷங்க கட்டினாங்க. கல்ல இழுத்தாங்க, இடுப்ப ஒடிச்சுக்கிட்டாங்க."

"அதுக்கு நான் சாட்சி," என்று முனகினான் கிரேன்.

கன்னத்தை மறுபடி அழுத்தினான். கொஞ்சம் அமுங்கியது! காதை வளைத்துப் பார்த்தான். வளைந்தது. உறையைப் பிரித்தான். பழைய ரப்பரும் வியர்வையும் கலந்த ஒரு வாடை. உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் வாட்ச்மேன் தலையை நீட்டினான். "கிரேன், நேரம் தாண்டிப் போச்சு. அலாரம் போடணும். முடிக்கச் சொல்லு, இல்ல லைட்ட அணைச்சுடுவேன். மேலேர்ந்து எனக்குத்தான் திட்டு விழும்."

அவ்வளவுதான். கையை உள்ளே விடவில்லை. மனைவிக்குப் போன் செய்து, மாமாவைப் பின்னால் அனுப்பு என்றான்.

மாமனார் வந்தார். தலையைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை வயதானாலும் அந்த உயரம் குறையவில்லை. கதவு நிலையில் குனிந்துதான் நுழைந்தார்.

"ரெடியா மாப்ள?"

"மாமா, கொஞ்சம் மெதுவா. இன்னும் சில்லுனு இருக்கு. பாத்து..."

"எனக்கா சொல்றீங்க? மூணு வருஷம் போட்டவன்."

இரண்டு கையாலும் தூக்கித் தலையில் இறக்கினார். பாதி இறங்கி நின்றது. முன்பெல்லாம் அப்படி நின்றால் ஒரு பழக்கம் உண்டு: கிடங்கில் மூட்டையைத் தோளில் சரிசெய்வதுபோல், உள்ளங்கையால் உச்சியில் ஓங்கி ஒரு தட்டு. ஆறு பேரும் அப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள். கிரேன் கையை நீட்டுவதற்குள் அவர் தட்டிவிட்டார்.

பீங்கான் தட்டு விழுந்தது போன்ற சத்தம். உச்சியிலிருந்து மூக்குவரை ஒரே கோடாகப் பிளந்தது. வெளியில்தான் இளக்கம், உள்ளே அத்தனையும் விறைப்பு. முகவாய் கழன்று அவர் செருப்பின்மேல் விழுந்தது. ஒரு காது கிரேன் கையில் இருந்தது, அது எப்படி அங்கே வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. பிளவுக்கு நடுவில் மாமனாரின் ஒற்றைக் கண் அவனையே பார்த்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பேராசிரியை குரலை உயர்த்தினார். "இவ்வளவு நேரம் காத்திருந்தீங்க. இப்ப அந்தக் காவலரே வர்றாரு!"

"மாமா, வேணாம்," என்றான் கிரேன். "நான் போய்ச் சொல்லிடறேன்."

அவர் தலையில் மிச்சமிருந்ததைக் கழற்றி முக்காலிமேல் வைத்தார். முடியில் ஒட்டியிருந்த ரப்பர் பொடியைத் தட்டிவிட்டார். குனிந்து கதவைத் தாண்டி மேடைக்குப் போனார்.

கிரேன் இடுக்கு வழியாகப் பார்த்தான். இருபது பேருக்குமேல் இருக்க மாட்டார்கள். கைதட்டல் கிளம்பியது, ஒரு கிழவர் வெறுங்கையோடு வந்து நிற்பதைக் கண்டதும் பாதியில் அமுங்கியது.

"தலை எங்கே?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"உள்ள இருக்கு," என்றார் மாமனார். "உடைஞ்சு போச்சு."

"அப்ப அது நீங்கதான்னு நாங்க எப்படி நம்பறது?"

கேலிக்குத்தான் கேட்டார், மோசமான ஆள் இல்லை. நாலைந்து பேர் சிரித்தார்கள். முன்வரிசையில் கிரேனின் மனைவி மட்டும் திரும்பி அந்த ஆளைச் சுட்டெரிப்பதுபோல் பார்த்தாள்.

பேராசிரியை ஏதோ சமாளிக்க வந்தார். திரையில் ஆறு நரித்தலைகள் வரிசையாக நின்றன. மாமனார் திரும்பி, இடது பக்கத்திலிருந்து இரண்டாவதை விரலால் காட்டினார். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் பாதி விளக்குகளை அணைத்தான். திரையும் போயிற்று. ஆட்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். சிலர் போகிறபோக்கில் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். ஒரு பெண்மணி அவரிடம் வெளியே போகும் வழி எது என்று கேட்டாள். அவர் காட்டினார்.

பின்வாசலில் கடைசிக் கூத்து நடந்தது. துண்டுகளைப் பொறுக்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்த கிரேனை வாட்ச்மேன் மறித்தான்.

"கிரேன், கோவிச்சுக்காத. மருந்தக்கா போன் பண்ணாங்க, உடைஞ்சதச் சொல்லிட்டேன். உடைஞ்ச பொருளு, அவங்க வந்து பாக்கறவரைக்கும் வெளிய போகக் கூடாதாம்."

"இது மியூசியப் பொருள் இல்லடா. இவரு வீட்டுப் பொருள்."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். உள்ள வந்து உடைஞ்சா அது அவங்க பொருள் மாதிரிதான்னு சொல்றாங்க. நான் என்ன பண்ண?"

"நீ லைட்ட அணைச்சப்பவே உன்னை..." என்று பாய்ந்தவனை இடுப்பு பிடித்து நிறுத்தியது. சுவரைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்தது, வலியால்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொள்ளட்டும்.

மாமனார் அவன் கையிலிருந்து பையை வாங்கினார். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாட்ச்மேனின் மேசைமேல் வைத்தார். பிளந்த தலை, முகவாய், காது. பையை உதறி நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மாமா, நான் எப்படியாவது ஒட்டி வாங்கித் தர்றேன். மருந்தக்கா கெட்டிக்காரி. அவங்க நினைச்சா..."

"மம்மி இருக்கற ரூம்ல வெச்சிருக்கோம்னு சொன்னீங்க மாப்ள. அது செத்தவங்கள வெக்கற எடம்னு அப்ப எனக்குத் தோணல."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மனைவி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் பக்கம் நடந்தாள். மாப்பிள்ளை கூட வருகிறானா என்று மாமனார் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

கிரேன் வெந்நீர்ப் பையை இடுப்பில் அழுத்திக்கொண்டு பின்னால் போனான். அதுவும் ஆறிப் போயிருந்தது. நடக்க நடக்க அந்த நீண்ட முதுகும் கக்கத்தில் மடித்த பையும்தான் கண்ணில் பட்டன. மாமனாருக்கு அவன் ஒரு நரித்தலை பாக்கி.